ஒரு லிட்டர் ஜோர்டான்

பெங்களூரு ஏர்போர்ட்டில், பெட்டிகள் சுற்றி வரும் பெல்ட்டுக்குப் பக்கத்துக் குடிதண்ணீர்க் குழாயில் தாஸ் ஜோர்டான் நதியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பாட்டில் நிஜம். லேபிளில் சிலுவைப் படம், கீழே இங்கிலீஷில் 'ஜோர்டான் நதி நீர், ஒரு லிட்டர்'. நேற்று ராத்திரி வரை உள்ளே இருந்ததும் நிஜம்தான்.

ஆஸ்டின் டவுன் சர்ச்சிலிருந்து இருபது பேர் புனித பூமி யாத்திரை போனார்கள். ஆசைப்பட்டது தாஸின் மனைவி மேரி. முழங்கால் விடவில்லை.

"நீங்களாவது போய்ட்டு வாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஜோர்டான் தண்ணி ஒரு பாட்டில். முட்டியில தடவினா போதும்."

டூர் கைடு தலைதலையாய் அடித்துக்கொண்டான். "அங்கிள், தண்ணிய பெரிய பெட்டியில போடுங்க. கைப்பையில விடமாட்டாங்க."

"இயேசுசாமி முழுகின தண்ணி. அதை அழுக்கு பனியனோட போடச் சொல்றியா?"

கைப்பையில்தான் வைத்தார்.

ஏறின ஊரில் எப்படியோ விட்டுவிட்டார்கள். வழியில் விமானம் மாறும் ஊரில் மறுபடி செக்கிங். பையைத் திறந்தார்கள்.

"நூறு மில்லிக்கு மேல கூடாது" என்றான் அங்கிருந்த மலையாளி.

"இது சாதாத் தண்ணி இல்லப்பா. ஜோர்டான்."

"ஜோர்டானும் நூறு மில்லிதான். குடிங்க, இல்லாட்டி அதுல போடுங்க."

அவன் காட்டியது குப்பைத்தொட்டி. உள்ளே ஷாம்பு, பாதி குடித்த ஜூஸ், யாருடைய மீன் ஊறுகாயோ.

தாஸ் மூடியைத் திருகினார். நின்ற இடத்திலேயே ஒரு லிட்டரையும் குடித்தார். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேர் கைதட்டினார்கள். பெங்களூரு வருவதற்குள் எட்டு தடவை ஸீட்டை விட்டு எழுந்து போனார்.

இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது. பக்கத்து வீட்டு பிரிசில்லாவும் அதே கோஷ்டி. கைடு பேச்சைக் கேட்டு பாட்டிலைப் பெட்டியில் போட்டவள். பாதி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பெல்ட்டில் அவள் பெட்டி சொட்டிக்கொண்டே வந்தது.

"பாட்டில் உடைஞ்சிடுச்சு அண்ணே! ஆறு புடவைக்கும் ஞானஸ்நானம் ஆயிடுச்சு!"

மூக்கைச் சிந்திக்கொண்டு டிராலி தேடிப் போனாள். தாஸ் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குழாயைத் திறந்தார்.

வீட்டில் மேரி பாட்டிலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாயங்காலமே தெரு கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு மூடி.

"நமக்கும் ஸ்வல்ப கொடுங்க தாஸண்ணா" என்று வந்தார் எதிர்வீட்டு முனிகிருஷ்ணன். "எந்த சாமியா இருந்தா என்ன, காலையில ஆட்டோ ஸ்டார்ட் ஆகணும்."

வாங்கிப் போய் என்ஜினில் தெளித்தார். மறுநாள் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. அந்த ஆள் போகிற வருகிறவனுக்கெல்லாம் சொன்னதில் இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

அவர்களுக்கும் தாஸே மூடியில் ஊற்றிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மேரி நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்தாள்.

"என்னங்க! வலியே இல்லைங்க!"

அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்து காட்டினாள். அதோடு விட்டாளா? மாத்திரை அட்டையை எடுத்து அவர் கண்ணெதிரே குப்பைக் கூடையில் போட்டாள்.

"ஆண்டவர் தொட்டப்புறம் இது எதுக்கு?"

தாஸ் அட்டையை எடுக்கக் குனிந்தார்.

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"நீங்களே கொண்டு வந்துட்டு, நீங்களே சந்தேகப்பட்டா எப்படி? விசுவாசமே பத்தாது உங்களுக்கு."

மேலே பேசினால் குழாய் வெளியே வந்துவிடும். சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் படிகளைக் கைப்பிடி தொடாமல் ஏறினாள் மேரி. பார்த்தவர்கள் அல்லேலூயா என்றார்கள். அவள் நெற்றியெல்லாம் வேர்த்திருந்ததை தாஸ் மட்டும்தான் பார்த்தார்.

பாஸ்டருக்கு அன்றைக்கென்று பொய்யைப் பற்றிப் பிரசங்கம். நாற்பது நிமிஷம்.

சொல்லித் தொலைத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு பண்ணினார் தாஸ். மாத்திரை இல்லாமல் இன்னும் ரெண்டு நாள் குதித்தாளானால் படுத்துவிடுவாள். திட்டினால் திட்டட்டும். முகத்தில் காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ளலாம்.

ஆராதனை முடிந்ததும் மேரியைக் காணோம். வாசலில் இல்லை. செருப்பு கிடந்தது. சுற்றிக்கொண்டு சர்ச்சுக்குப் பின்பக்கம் போனார்.

சுவர் திரும்பும் இடத்தில் பேச்சுக் குரல் கேட்டது. நின்றார்.

மேரி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றிருந்தாள். பிரிசில்லா மாத்திரையைப் பிரித்து அவள் கையில் வைத்தாள்.

"எத்தனை நாளைக்குக்கா இப்படித் திருட்டுத்தனமா முழுங்குவீங்க? நான் பார்த்ததைப் பார்த்த மாதிரி ஏர்போர்ட்லேர்ந்தே உங்களுக்குப் போன் பண்ணினேனே, என்னைச் சொல்லணும். அண்ணன்கிட்ட தெரியும்னு சொல்லிட்டு, ஒழுங்கா கால நீட்டி உட்காருங்க."

மேரி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"சும்மா இருடி. ஊரே வேடிக்கை பார்க்க ஒரு லிட்டரைக் குடிச்சிட்டு, வெறுங்கையோட என் மூஞ்சியில முழிக்க முடியாம குழாயில புடிச்சிட்டு வந்திருக்கு அந்த மனுஷன். எனக்கு முட்டி சரியாகலேன்னா, அதுக்குச் சோறு இறங்குமா?"