ஒன்று விடாமல்

வாசலில் யார் வந்து நின்றாலும், அவர் யார் எவர் என்று வீட்டுக்குள் இருக்கும் திரை காட்டிவிடும். ஏசி மெக்கானிக் இசக்கிராஜா நின்றால் அது எப்போதும் ஒரே படத்தைத்தான் காட்டியது. இருபத்திரண்டு வயதில், ஒரு போராட்டத்தில் பிடித்துக்கொண்டு போனபோது போலீஸ் எடுத்த படம். வழக்கு தள்ளுபடியாகிப் பதினோரு வருஷம் ஆகியும் பாதிக் கதவுகள் அவனுக்குத் திறக்கவில்லை.

கடைசியில் படம் நீக்கும் அலுவலகத்துக்குப் போனான்.

"போலீஸ் படம் மட்டும்னா ஆறு மாசம் ஆகும் சார். இந்த முகம் இருக்கற எல்லாப் படமும்னா, யார் போன்ல இருந்தாலும் சரி, இன்னைக்கே முடிஞ்சிரும்," என்றாள் அங்கிருந்த பெண்.

"எல்லாத்தையும் அழிச்சிருங்க. ஒண்ணு விடக் கூடாது."

மறுநாள் காலையில் மதனி செல்வராணி அழுதுகொண்டே கூப்பிட்டாள். அவன் ஓடிப்போய்ப் பார்த்தான். அவள் போனில் இருந்த கல்யாணப் படத்தில், மாப்பிள்ளையின் முகம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் திட்டு. போன வருஷம் விபத்தில் போய்ச் சேர்ந்த அண்ணன், இவனோடு இரட்டையாகப் பிறந்தவன். அச்சு அசலாக ஒரே முகம்.

"நான்தான் மதனி அழிக்கச் சொன்னேன். என் படத்த மட்டும்தான் நெனச்சேன். அவன நெனைக்கவே இல்ல."

அழித்ததை மீட்க வழியில்லை என்று அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள்.

மதனி திட்டவில்லை. வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு தடவ சிரிங்க தம்பி," என்றாள்.

அவனும் எவ்வளவோ முயன்று பார்த்தான். சிரிப்பு வரவில்லை.