பக்கத்தில் நிற்க ஓர் ஆள்

தட்டில் வறுத்த மீன் ஆறிக்கொண்டிருந்தது. எடைமேடைக்காரர் ஆள் பிடிப்பதற்காகக் கடற்கரைச் சாலை முழுக்கக் கண்ணை ஓடவிட்டுக்கொண்டிருந்தார்.

ஒரே ஓர் ஆள் போதும். பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினால் போதும். ஒரு போட்டோவை எடுத்து அக்காவுக்குத் தட்டிவிட்டால் வந்த வேலை முடிந்தது.

எல்லாம் அவரே இழுத்துவிட்டுக்கொண்டது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். போன ஞாயிறு அக்கா போனில், தனியாகவா சுற்றுகிறாய் என்று கேட்டபோது, "சேச்சே, ஃப்ரெண்ட்ஸோடதான்" என்று வாய் முந்திக்கொண்டது. அக்கா என்ன லேசுப்பட்டவளா? அப்படியானால் அடுத்த வாரம் எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று சொல்லிவிட்டாள்.

அம்மா போன பிறகு அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். இவருக்கு இந்தத் துறைமுகத்துக்கு மாற்றல் வந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. ரத்தக் கொதிப்பு வேறு. 'என் தம்பி அங்கே ஒத்தையில் கிடக்கிறானே' என்று ராத்திரியெல்லாம் புலம்புகிறாளாம். மாமாதான் ரகசியமாகச் சொன்னார்.

சிநேகிதர்களுக்கு அவர் எங்கே போவார், பாவம்?

நாள் முழுக்கக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து லாரிகளை எடை போடுகிற வேலை. மைக்கில் "முன்னால வா, நிறுத்து, போ" என்பதுதான் அவர் பேசுகிற மொத்தப் பேச்சு. சீட்டு வாங்க டிரைவர்கள் ஓட்டை வழியாகக் கையை நீட்டுவார்கள். முகங்களைவிட அவருக்குக் கைகளைத்தான் நன்றாகத் தெரியும். மாற்று ஷிப்ட்காரர் உள்ளே வரும்போது இவர் வெளியே போய்க்கொண்டிருப்பார்.

இன்றைக்கு முயற்சி செய்யாமலும் இல்லை. சிரித்த முகமாகத் தெரிந்த ஒரு குடும்பத்தை நெருங்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள் போனைக் கையில் கொடுத்துவிட்டு வரிசையாக நின்றுகொண்டார்கள். எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்துப் பக்கத்துக் குடும்பமும் வந்து நின்றது. அதற்கப்புறம் ஒரு காதல் ஜோடி. ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் படம் எடுத்துக் கொடுத்ததுதான் மிச்சம்.

சும்மா சொல்லக்கூடாது, மீன் பிரமாதம். ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, எலுமிச்சையைப் பிழிந்தால் நாக்கில் எச்சில் ஊறியது. 'நல்லாயிருக்குல்ல' என்று கேட்கத்தான் எதிரில் யாரும் இல்லை. அப்படிக் கேட்காமல் சாப்பிட்டால் பாதி ருசி போய்விடுகிறது.

அப்போதுதான் அந்த ஆள் ஒரு தட்டோடு வந்து, இவர் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

லாரி டிரைவர். விசாரிக்கவே வேண்டியதில்லை. ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் கருகிப்போயிருந்தது, மற்றது வேறு ஆளின் கையைப் போல வெளுப்பாக இருந்தது.

எடைமேடைக்காரர் தண்ணீரைக் குடித்தார். தொண்டையைச் செருமினார். மானம் போனால் போகட்டும் என்று எழுந்து போய் நின்றார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ஒரு போட்டோ... நாம சேந்து வந்த மாதிரி."

டிரைவர் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டார். இரண்டு தட்டுகளையும் நடுவில் இழுத்து வைத்தார். சின்ன வயதிலிருந்து ஒன்றாகக் கோலி விளையாடியவர் மாதிரி இவர் தோளில் கையைப் போட்டு, தலையைச் சாய்த்து, பளிச்சென்று ஒரு சிரிப்பு. அப்பப்பா, என்ன பழக்கம்!

படம் எடுத்து முடித்ததும் டிரைவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. தன் போனை வெளியே எடுத்தார்.

"அப்படியே இருங்க, எனக்கும் ஒண்ணு. போன வாரம் வேற ஊரு, வேற ஆளு. வீட்டுல நம்பணுமில்ல?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் படம்தான் நன்றாக விழுந்தது.

மீதி மீனைச் சேர்ந்தே தின்றார்கள். இன்னும் கொஞ்சம் உட்காருவார் என்று எடைமேடைக்காரர் ஆசைப்பட்டார். ஆனால் லோடு ஏற்றியாகிவிட்டது என்று போன் வந்தது. டிரைவர் இவர் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

படத்தை அக்காவுக்கு அனுப்பிவிட்டு இவரும் எழுந்தார்.

வெயில் சாய்ந்துவிட்டது. அக்கா கூப்பிடுகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை இந்நேரத்துக்குக் கூப்பிட்டாள் என்றால் வைக்க மனசே வராது. மாமாவின் சர்க்கரை, பக்கத்து வீட்டுச் சண்டை, கருகிப்போன குழம்பு எல்லாம் வரும். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ம் கொட்டியபடியே கரையோரமாகக் கலங்கரை விளக்கம் வரை நடந்துவிட்டுத் திரும்புவார். வாரம் பூராவும் அவர் காத்திருப்பது அந்த நடைக்குத்தான்.

போன் ஒரு தடவை துடித்து அடங்கியது. அழைப்பில்லை. செய்தி.

"கண்ணு நெறஞ்சு போச்சுடா தம்பி. என்னமா சிரிக்கிறே! இன்னைக்குத்தான் நிம்மதியா தூங்கப்போறேன். இனிமே ஞாயித்துக்கிழமையில போன் பண்ணி உங்க நடுவுல நந்தி மாதிரி வரமாட்டேன். அவங்களோட நல்லா சுத்துடா."

இரண்டு தடவை படித்தார். அக்கா, அதெல்லாம் பொய் என்று எழுதினார். எழுதியதை அழித்தார். அவள் தூங்கட்டும்.

'சரிக்கா' என்று அனுப்பிவிட்டு, எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நின்றார்.