தூசிக்குப் பின்னால் ஒரு குதிரைப்படை

"நீ பாட்டுக்கு 'பத்தாயிரம் குதிரைகள் பாய்ந்து வந்தன'ன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிடுவே. நாற்பதாயிரம் காலையும் யார் வரையறது?" என்று கத்தியது தூரிகை.

பென்சிலுக்குச் சுருக்கென்றது. இருவரும் சேர்ந்து செய்துவந்த சித்திரக்கதையில் மந்திரக் கோட்டையைக் கட்டியது, ராட்சசனுக்குப் பல்வலி வரவைத்தது, எல்லாமே அதுதான். அதற்காக உடம்பில் பாதியைச் சீவக் கொடுத்திருந்தது. இருந்தாலும், "சரி தாயே, உன்னால முடிஞ்சதைப் போடு" என்றது.

தூரிகை சாம்பல் நிறத்தைத் தொட்டு ஒரே இழுப்பாக இழுத்தது. பக்கம் முழுக்கத் தூசி. ஓரத்தில் மட்டும் நாலு குதிரைக் காது.

புத்தகம் அச்சாகி மேஜைக்கு வந்தது. "அடேயப்பா, என்ன தூசி! பத்தாயிரம் குதிரையும் கண்ணுக்குள்ளேயே நிக்குது!" என்று உருகியது மேஜை விளக்கு. அட்டையில் கொட்டை எழுத்தில் தூரிகையின் பெயர். பென்சில் பின்னட்டைவரை தேடிப் பார்த்தது. தன் பெயர் எங்கேயும் இல்லை.

"அந்தத் தூசிக்குள்ள குதிரை இருக்குன்னு சொன்னதே நான்தானேடி!" என்று வெடித்தது.

தூரிகை தலைக்குக் குளித்துவிட்டு, டம்ளரில் சாய்ந்து முடியை உலர்த்திக்கொண்டிருந்தது.

"அடுத்த புத்தகத்திலாவது ஒரு மூலையில என் பேரையும் போடச் சொல்லு. வரைஞ்சியே நாலு காது, அதுல ஒண்ணுலயாவது நான் சொல்றது விழுதா?"