ஹாரன் தேடி வந்தவள்

“பாய், அந்த ஹாரனைக் கொஞ்சம் அமுக்கிக் காட்டுங்களேன்.”

செராங்கூன் சாலையில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த ஜமால் முகம்மது நிமிர்ந்து பார்த்தார். வாசலில் ஒரு பெண் நின்றாள். வெறுங்கால், நைந்த புடவை. இவளுக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்?

“காரு வாங்கியிருக்கியாம்மா?” என்றார் கேலியாக.

“நான் எங்க பாய் காருக்குப் போவேன்! நேத்து தேக்கா சந்தைப் பக்கம் ஒரு கெழவி அடிபட்டுச் செத்துச்சுல்ல? அங்க வந்த கார்க்காரரைத் தேடுறேன். நம்பர் படிச்சுச் சொல்ல ஆளில்ல. ஹாரன் மட்டும் எருமைக்கன்னு கத்துற மாதிரி இருந்துச்சாம். அது யாருக்கு வித்ததுன்னு சொல்லுங்க.”

ஜமால் முகம்மது விற்பனைக் கணக்கு நோட்டைச் சட்டென்று மூடி வைத்தார்.

நேற்று அவர் மகன் அஸ்மத் சட்டையெல்லாம் இரத்தத்தோடு காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். “அத்தா, ஒரு கெழவி...” என்று ஆரம்பித்தவனை அதற்குமேல் அவர் பேசவிட்டால்தானே? “வாயை மூடு. நீ சொல்லவும் வேணாம், நான் கேக்கவும் வேணாம்” என்று அதட்டிவிட்டு, கார் இருக்கையைத் தாமே கழுவினார். போகமாட்டேன் என்று அழுது அடம்பிடித்தவனை இன்று விடிந்ததும் நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிட்டு வந்துதான் கடையைத் திறந்தார். ஒரே பிள்ளை. அவனை ஜெயிலுக்குக் கொடுத்துவிட்டு எப்படி உயிரோடு இருப்பது?

“உன் பேர் என்னம்மா?”

“கண்மணி. அவரைக் கண்டுபிடிக்காம எனக்குச் சோறு இறங்காது பாய்.”

செத்தவளின் மகளாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். கொக்கியில் தொங்கிய ஹாரன்களை ஒவ்வொன்றாக எடுத்து ரப்பர் பந்தை அமுக்கினார். ஒன்று வாத்துபோல் கத்தியது. ஒன்று கீச்சிட்டது. ஒவ்வொன்றுக்கும் அவள் தலையை ஆட்டி உதட்டைப் பிதுக்கினாள்.

“அந்த வளைஞ்ச குழல் வச்சது?”

தம் காருக்குப் பூட்டியதன் ஜோடி அது. ஜமால் முகம்மது அதைத் தொடவே இல்லை.

“அது ஓட்டை. சத்தம் வராது.”

“அதைப்போல வேற யாருக்காச்சும்...”

“அல்லா அறிய, யாருக்கும் விக்கலை. நீ சொல்ற சத்தத்தை என் ஆயுசுல கேட்டதில்லை. ஜோகூர்ல இருந்து வந்த வெள்ளைக்காரன் காரா இருக்கும். இந்நேரம் திரும்பிப் போயிருப்பான்.”

பொய் இத்தனை சுலபமாக வருமென்று அவருக்கே தெரியாது.

கண்மணி வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவள் விசும்புவது அவர் நெஞ்சை அறுத்தது. ஆனாலும், மகன் தப்பினான் என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடலாம் என்று பக்கத்தில் வந்தார்.

“அழாதம்மா. அடிச்சிட்டு ஓடினவனை ஆண்டவன் சும்மா விடமாட்டான். அவன் நல்லாவே இருக்கமாட்டான்.”

அவள் பதறி எழுந்தாள்.

“ஐயையோ, அந்தப் புண்ணியவானை ஏன் பாய் சபிக்கிறீங்க? கெழவியை அடிச்சிட்டு ஓடினது ஒரு லாரி. பக்கத்துல மாட்டு வண்டியோட நின்ன பாவத்துக்கு எம் புருஷனைப் போலீசு பிடிச்சு அடைச்சு வச்சிருக்கு. நாளைக்குக் கோர்ட்டு. நடந்ததைக் கண்ணால பார்த்தது அந்தக் கார்க்காரத் தம்பி ஒருத்தருதான். ‘பயப்படாதீங்கண்ணே, நானே வந்து சாட்சி சொல்றேன்’னு எம் புருஷன் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுத்தான், கெழவியைத் தூக்கிக் கார்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாராம்!”