ஏறினால் நல்லதா?

“பன்னெண்டு மணிக்கு நான் வார்டுக்குப் போகணும், ஐயா” என்றார் டொக்டர் கஜேந்திரன், இரண்டாவது தடவையாக.

எதிரே நாற்காலியில் இருந்த சிவசாமி அசையவில்லை.

“போங்க. அதுக்கு முன்னால எனக்கு விளங்கப்படுத்திட்டுப் போங்க. தமிழ் ஆளுக்குத் தமிழ்ல சொல்லணும்னு சட்டமே இருக்கு.”

“இவ்வளவு நேரம் தமிழ்லதானே சொன்னேன்?”

மருமகள் வினோதாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. டயகம தேயிலைத் தோட்டத்திலிருந்து இருட்டோடு கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்த உடம்பு. கால் கடுத்தது.

மாமாவுக்கு எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் வந்து மூன்றாவது வருசம். இரத்தப் பரிசோதனைத் தாளைச் தொழிற்சங்கத்து நோட்டீஸ் மாதிரி வரி வரியாகப் படித்து, அவளுக்கே பாடம் எடுத்தவர். அவருடைய புரத எண் ஆறு மாதமாக ஏறாமல் மூன்றிலேயே நிற்கிறது. நல்ல சேதி. வாங்கிக்கொண்டு எழும்ப வேண்டியதுதானே?

அவருக்கு அடுத்து ஒரே ஒருத்திதான் மிச்சம். அதே தோட்டத்து வேலாயி. அவளுக்கும் இதே வருத்தம், இதே புற்றுநோய். கிளினிக் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறை வாசல் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு அடித்தால் அவள் முறை போச்சு. அடுத்த மாதம்தான். அவளோ வாயைத் திறந்து கேட்கிற ஆள் இல்லை.

மாமா தோட்டத்தில் ஒரு சங்கத்துத் தலைவர்; வேலாயியின் புருசன் எதிர்ச் சங்கத்துத் தலைவர். இரண்டு வீட்டுக்கும் பத்து வருசமாகப் பேச்சில்லை.

வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று வினோதாவுக்குப் பட்டது.

“சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க” என்றார் சிவசாமி. “ஒருத்தருக்கு அந்தப் புரதம் எட்டா இருந்து, பதினாலாகி, இருபத்தொண்ணு ஆவுதுன்னு வைங்க. கொழுந்து நிறுக்கிற தராசு மாதிரி, ஏறினா நல்லதுதானே?”

“மாமா! இது ஒங்களுக்குத் தெரியாதா?”

“நீ சும்மா இரு, பிள்ள.”

டொக்டர் பெருமூச்சு விட்டார். “இல்லைங்க ஐயா. இது சாப்பாட்டுச் சத்து இல்லை. கெட்டுப்போன செல்லுங்க இரத்தத்துல விடுற புரதம். அது ஏறுதுன்னா வருத்தம் ஏறுதுன்னு அர்த்தம்.”

“ஒரு தடவ ஏறினா?”

“ஒரு தடவையை வச்சு முடிவெடுக்க மாட்டோம். திருப்பி எடுத்துப் பார்ப்போம். தொடர்ந்து ஏறினா விடக்கூடாது. கல்சியம், சிறுநீரகம், இரத்தத்தோட அளவு எல்லாம் பார்த்து மருந்தை மாத்தணும்.”

“ஒடம்பு நல்லாத்தான் இருக்குன்னு கிளினிக்குக்கு வராம நின்னுட்டா?”

“உடம்பு சொல்றதுக்கு முன்னாடியே இரத்தம் சொல்லிடும். அதைக் கேட்காம விட்டா சிறுநீரகம் கெட்டுப்போகலாம். எலும்பு முறியலாம்.”

“மருந்த மாத்தினா?”

“நிறையப் பேருக்கு இறங்கும்.”

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

“இறங்கும் ஐயா!”

மணி பன்னிரண்டு. டொக்டர் எழுந்தார். சிவசாமியும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“ஐயா…”

வேலாயிதான். கொப்பியை நீட்டினாள்.

“எனக்கு இருபத்தொண்ணுங்க. ஏறியிருக்குன்னு கோயில்ல தேங்கா ஒடச்சேன். இனிமே வர மாட்டேன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

டொக்டர் கொப்பியைப் புரட்டினார். மறுபடி உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் வினோதா மாமாவைப் பிடித்துக்கொண்டாள். “ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“காலையில பஸ்ஸுல எல்லாருக்கும் தேங்காச் சில்லு குடுத்தாளே, நம்ம ரெண்டு பேரத் தவிர? எதுக்குன்னு பின் சீட்டுல எட்டு, பதினாலு, இருபத்தொண்ணுன்னு கணக்குச் சொல்லிக்கிட்டு வந்தா. காது எனக்கு நல்லாத்தான் கேக்குது.”

“அங்கேயே அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே, மாமா?”

சிவசாமி சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார்.

“நான் சொல்லியிருந்தா இன்னொரு தேங்கா ஒடச்சிருப்பா. அடுத்த சங்கத்துக்காரன் வாயில உண்மையே வராதுன்னு இந்தச் சனத்துக்கு நாப்பது வருசமா படிச்சுக் குடுத்தது நாங்கதானே.”