மீர்குல் சொல்லாத வார்த்தை

"இன்னும் ஒரே ஒரு தடவைதான், பெரியப்பா. இதுவும் தப்பாச்சுன்னா பெட்டி ஒரு மணி நேரத்துக்குப் பூட்டிக்கும்!" என்றான் ஜெனிஷ்.

"பூட்டிக்குமா? எந்தப் புண்ணியவான் செஞ்ச பெட்டிடா இது!" ஒரோஸ்பெக் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார்.

முற்றத்தில் பேரனின் கால்களில் கறுப்பும் வெள்ளையுமாகக் கம்பளிக் கயிறு கட்டியாகிவிட்டது. ஊர் வழக்கப்படி, ஓட்டப் பந்தயத்தில் முந்தி வரும் பிள்ளை அதை அறுத்ததும் குழந்தை முதல் நடை நடக்க வேண்டும். கொரியாவில் வேலை பார்க்கும் மகன் குபாத் அதை வீடியோவில் பார்த்தே ஆகவேண்டும். தொழிற்சாலையில் அவனுக்குப் போன் கைக்கு வருவதே இருபது நிமிட இடைவேளையில்தான். அதற்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

இணையப் பெட்டியோ, பக்கத்துக் குன்றில் புதுக் கோபுரம் வந்த பிறகும் தூரத்துப் பழைய கோபுரத்தையே பிடித்துத் தொங்கியது. தன் போன் வழியாகப் பெட்டியின் உள் அமைப்பைத் திறந்து மாற்றிவிடலாம் என்றுதான் செல்போன் கடை ஜெனிஷ் வந்தான். திறக்கக் கடவுச்சொல் கேட்டது. அதை வைத்தவன் குபாத்.

"பிறந்தநாள் போட்டாச்சு. குதிரை பேரும் போட்டாச்சு. வேற என்னதான் வச்சிருப்பான்?" என்றார் ஒரோஸ்பெக்.

எண்ணெயில் பொரித்த போர்சோக் பலகாரத் தட்டோடு மருமகள் மீர்குல் உள்ளே வந்தாள்.

"அண்ணி, உங்களுக்காவது தெரியுமா?"

"தெரியும்." அவள் முகம் சிவந்துவிட்டது. "ஆனா என் வாயால சொல்லமாட்டேன்."

மாமியார் சாபிரா மோவாயில் கை வைத்தாள். "அடியாத்தி! அப்படியென்ன வார்த்தைடி? உன்னைக் கொஞ்சற பேரா?"

"போங்க அத்தை!"

வாசலில் நின்ற பெண்கள் கெக்கலி கொட்டினார்கள். ஒரோஸ்பெக்குக்கு மட்டும் சுருக்கென்றது. "கல்யாணம் ஆனதும் பெத்தவன் ஞாபகமெல்லாம் பறந்துபோச்சு அவனுக்கு. இருக்கட்டும், இருக்கட்டும்." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஐயோ, நேரமாகுது!" மீர்குல் ஜெனிஷின் போனைப் பிடுங்கி, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு படபடவென்று தட்டினாள்.

பெட்டி திறந்தது! ஜெனிஷ் புதுக் கோபுரத்துக்கு மாற்றியதும் விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தன. குபாத்தின் முகம் திரையில் பளிச்சென்று வந்தது. பிள்ளைகள் ஓடி வர, கயிறு அறுபட, குழந்தை தத்தித் தத்தி நாலு அடி வைத்துப் பொத்தென்று உட்கார்ந்தான். திரைக்குள் அப்பன்காரன் அழுதுகொண்டே சிரித்தான்.

ஆரவாரம் அடங்கியதும் ஒரோஸ்பெக் தொண்டையைச் செருமினார். "சரிடா ஜெனிஷ், அப்படி என்ன வார்த்தை அது? நானும்தான் தெரிஞ்சுக்கறேனே." குரலில் முறுக்கு இன்னும் குறையவில்லை.

ஜெனிஷ் மறைந்திருந்த எழுத்துகளைத் திரையில் வரவழைத்து உரக்கப் படித்தான்.

"ஒரோஸ்பெக்!"

"கூப்பிட்டது போதும், அந்த வார்த்தையைப் படிடா."

"அதைத்தான் படிச்சேன், பெரியப்பா! மாமனார் பேரை மருமக எப்படி வாயால சொல்லுவாங்க?"