ஒரே கோத்திரம்

சிறுமி நிறைமதியின் இதயம் அடிக்கடி தாளம் தப்பும். காரணம் மூன்று வருடமாக யாருக்கும் பிடிபடவில்லை. ஆய்வுக்கூடத்தில் அவளுடைய மரபணுவை அதேபோல் இதயத் துடிப்பு தப்பும் ஒரு வரிமீனின் மரபணுவோடு ஒப்பிட்டபோது, இருவருக்கும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை இருந்தது. அந்த மீனின் துடிப்பைச் சீராக்கிய மருந்தை நாளை இவளுக்குத் தொடங்குகிறார்கள். கோயிலில் அம்மா அமுதவல்லி குருக்களிடம் அர்ச்சனைத் தட்டை நீட்டினாள்.

“பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ.”

“நிறைமதி, பூசம். அப்புறம் கோடு போட்ட மீன் ஒண்ணு, சாமி. அதுக்கு நட்சத்திரம் தெரியல.”

குருக்கள் சிரித்துவிட்டார். “மீன ராசிதானேம்மா, ரேவதின்னே வெச்சுப்போம். கோத்திரம்?”

“ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் சாமி. டாக்டரம்மா பாத்துட்டாங்க.”

அர்ச்சனை முடிந்ததும் குருக்கள் இரண்டு விபூதிப் பொட்டலங்கள் மடித்தார், ஒன்றை மட்டும் மிகச் சின்னதாக.